மறுமொழி: கேத்தலில் ஒட்டும் வெள்ளைக்கு என்ன பெயர்? – ‘நீர்க்காரை’ என்று வைக்கலாம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

லாஸ் வேகாஸில் குடியேறியிருக்கும் நம் இலங்கை மலையகத்து ஹட்டன் தங்கை கேட்ட கேள்விக்குச் சுண்ணாம்புப் படிவு, உப்புக்கறை, செதில், நீர்க்கல் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் உட்சுவரில் வெள்ளையாக ஒன்று இறுகி ஒட்டுகிறது. நகத்தால் சுரண்டினால் மேலாக மாவு உதிர்கிறதே தவிர, அடியோடு பெயர்வதில்லை. ஷவரின் துளைகளை அதுவே அடைத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்ச வைக்கிறது. அங்கே புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்காக அவர் எழுதும் வீட்டுக் குறிப்பில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ‘நீர்க்காரை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாஸ் வேகாஸ் குடிக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றினுடையது. ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கும் மீட் ஏரியிலிருந்து அதை எடுக்கிறார்கள். வரும் வழியெல்லாம் சுண்ணக்கல்லையும் ஜிப்சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிற ஆறு அது. பாலைவன வெயில் ஏரி நீரை ஆவியாக்குவதால் கரைந்தவை இன்னும் செறிகின்றன. குழாயைத் திறக்கும்போது, கல்சியம் காபனேற்றுக் கணக்கில், லீற்றருக்கு ஏறத்தாழ 280 மில்லிகிராம் வன்மை (கரைந்திருக்கும் கல்சிய, மகனீசிய உப்புகளின் அளவு) இருக்கிறது. 180-ஐத் தாண்டினாலே மிக வன்மையான நீர் என்று வகுப்பார்கள். நம் மலைகளிலோ எளிதில் கரையாத பழம் பளிங்குருப் பாறைகள்மேல் நீர் ஓடிவருகிறது. பீலியில் (மலையூற்று நீர் விழும் குழாயில்) பிடித்த தண்ணீரை விறகடுப்பில் வைத்தால் கேத்தலுக்கு வெளியே கரி பிடிக்கும், உள்ளே ஒன்றும் பிடிக்காது. பொருள் இல்லாத இடத்தில் பெயரும் இல்லை. ஆகவே சொல்லை நாம் யோசித்துத்தான் ஆக்க வேண்டும்.

தலவாக்கலை ஆசிரியர் ஐயா ‘சுண்ணாம்புப் படிவு’ போதும் என்கிறார். மதிப்போடு மறுக்கிறேன். படிவது என்றால் எடையால் கீழே இறங்கித் தங்குவது. ஆற்று வண்டல் படிகிறது, குடத்தின் அடியில் மண் படிகிறது. இந்த வெள்ளை அப்படி வருவதில்லை. நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது காபனீரொட்சைட்டை விட்டுவிட்டுக் கரையாத காபனேற்றாக மாறுகிறது. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்றோ சூடு கூடக் கூடக் குறைவாகவே கரையும். எனவே எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கேயே அது பற்றி வளர்கிறது. மின்கேத்தலின் சூடேற்றும் சுருள்மேல் தடிப்பதும், தலைகீழாகத் தொங்கும் ஷவர் முகத்தில் நீர் உலர உலரக் கட்டுவதும் படிதல் அல்ல. மேலும், அதில் மகனீசியச் சேர்மங்களும் சிலிக்காவும் கலந்திருக்கலாம். ‘சுண்ணாம்பு’ என்று பெயரிலேயே அடைத்துவிட்டால் அவற்றுக்கு இடமில்லை.

‘உப்புக்கறை’யை நான் ஏற்கவே மாட்டேன். வேதியியலில் காபனேற்றும் உப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் உப்பு என்றால் தண்ணீரில் கரைவது. அந்தப் பெயரைக் கேட்டவர் இன்னும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார், மேலும் மேலும் ஒட்டும். ‘செதில்’ என்பது ‘scale’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். மீனின் உடம்பைத்தான் நினைவூட்டுகிறது.

பண்டாரவளை அக்காவின் ‘நீர்க்கல்’ சுருக்கமானது, ஓசையும் நன்று. ஆனால் காதில் அது ‘சிறுநீர்க்கல்’ என்று விழும். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயின் அச்சம் வீடுவீடாகப் பரவியிருக்கும் நாடு நம்முடையது. உலக சுகாதார நிறுவனம் நீரின் வன்மைக்கு உடல்நலம் கருதிய வரம்பு எதையும் விதிக்கவில்லை. கேத்தலைப் பார்த்து ஒரு தாய் பிள்ளையின் சிறுநீரகத்தை நினைத்துப் பயப்படும்படி நாம் பெயர் வைக்கக்கூடாது.

இனி ‘காரை’. சுவரில் பூசினால் பிடித்துக்கொண்டு இறுகுவது காரை. பல்லில் இறுகுவதைப் பல் வைத்தியர்கள் ‘பற்காரை’ என்கிறார்கள். அதுவும் எச்சில் நீரிலிருந்து கல்சியச் சேர்மங்கள் வெளிப்பட்டு ஒட்டுவதுதான். ஆக, நீரிலிருந்து வந்து ஒட்டி இறுகுவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. ‘சுண்ணக்காரை’ என்றால் கட்டடக்காரரின் சாந்து என்று போய்விடும். ‘நீர்க்காரை’ என்றால் குழப்பமில்லை. வினைகளும் தாமாக வந்து சேர்கின்றன: கேத்தலில் காரை பிடித்திருக்கிறது, குழாய் முனையில் காரை கட்டியிருக்கிறது, காரையைப் பெயர்க்க வேண்டும். அதைக் கரைக்கும் மருந்துக்குக் ‘காரைநீக்கி’. ஈரத் திண்டு வழியே காற்றை இழுத்துக் குளிரூட்டும் ஏர் கூலர் அந்த ஊர் வீடுகளில் உண்டு. அதன் திண்டு வெள்ளையாக விறைத்துப்போவதையும் ‘திண்டில் காரை கட்டிவிட்டது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க, அதை வைத்து அடுத்த நான்கு வாக்கியங்கள் தடையின்றி எழுத வருகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

சவர்க்காரப் பிரச்சினை வேறு. அங்கே சூடு தேவையில்லை; வன்னீரின் (வன்மையான நீரின்) கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத சாம்பல்நிறப் பிசுக்காகிறது. நுரை வராது, துணி விறைக்கும், தொட்டியைச் சுற்றி வளையம் விழும். பால் கெட்டுத் திரைவதைப் போலவே அது திரைகிறது. எனவே ‘சவர்க்காரத் திரைவு’ என்று தனிப்பெயர் கொடுக்கலாம். இதையும் காரை என்று சொல்லிவிட வேண்டாம்.

தேயிலை மண்ணில் பிறந்த நமக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. தங்கை கொண்டுபோன நுவரெலியாத் தேயிலை அங்கே நிறம் மங்கி, மேலே பழுப்பாகப் படலம் கட்டுகிறதாம். தேயிலையில் குறையில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்பைரோவும் ஜகன்யியும் 1993-இல் இந்தப் படலத்தை ஆராய்ந்து எழுதினார்கள்: நீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும் துணைநிற்க, தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான பொலிபீனோல்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் படலம் கட்டாது. பாலின்மேல் கட்டும் ஆடையைப் போன்றது என்பதால் இதைச் ‘சாய ஆடை’ என்று சொல்லலாம். சாயம் என்றால் வெறும் தேநீர் என்று நம் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

‘வன்னீர்’ பற்றி ஒரு சொல். நம் பாடநூல்களின் சொல் அது. தமிழ்நாட்டார் ‘கடினநீர்’ என்பார்கள். எழுத்தில் வன்னீரே இருக்கட்டும். தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் ‘வெந்நீர்’ என்று கேட்டுவிடும். பேசுகிற இடத்தில் ‘வன்மையான தண்ணீர்’ என்று விரித்துச் சொல்வது நல்லது.

தங்கையே, உங்கள் குறிப்பில் இந்த மூன்று வாக்கியங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்க்காரை பிடித்த கேத்தலில் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, சூடாக்கி, சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு நன்றாகக் கழுவவும். கத்தியால் சுரண்ட வேண்டாம். வெளிற்றும் குளோரின் திரவத்தை வினாகிரியோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. இந்த வெள்ளையைப் பரம்பரையாகப் பார்த்துவருகிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் இதற்குச் சொல்லும் பெயர் இருந்தால், அது சொல்லப்படும் முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். நான் ஆக்கியதைவிட அது பொருந்துமானால் ‘நீர்க்காரை’யை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.