பாட்டியின் பாத்தேக் கைலிகள்: வெளிறிய பின்புறம் எதைக் காட்டுகிறது?

ஜார்ஜ்டவுன்வாசி:
வணக்கம். 1950களில் என் பாட்டி பினாங்கில் வாங்கிய நான்கு பாத்தேக் (batik, சாய வேலைப்பாட்டுத் துணி) கைலிகள் எங்களிடம் உள்ளன. இரண்டில் சாயம் இருபுறமும் ஒன்றுபோல் தெரிகிறது. மற்ற இரண்டில் பின்புறம் வெளிறியிருக்கிறது. வெளிறியவை ஆலையில் அச்சடித்த மலிவுத் துணிகள் என்கிறார் ஒரு கடைக்காரர். அது சரியா? இவை பினாங்கிலேயே செய்யப்பட்டவையாக இருக்குமா?

மெழுகுக்கை:
முதல் இரண்டும் பெரும்பாலும் மெழுகு பாத்தேக்காக இருக்கும். செம்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்த ‘சாப்’ அச்சை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றி, பின்னர் துணியையே சாயத்தில் முக்குவதால், மெழுகு படாத இடமெல்லாம் நிறம் இருபுறமும் ஏறிவிடும். ஓர் ஒற்றலும் அடுத்ததும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கோடு மயிரிழை விலகியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டான மெல்லிய கோடுகள் இரண்டிடங்களில் ஒரே மாதிரி அமையா. அவை பூ வடிவத்தோடு சேர்ந்து அப்படியே திரும்பத் திரும்ப வந்தால், வெடிப்பையும் அச்சில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

துணிக்கடைக்காரர், கோலாலம்பூர்:
வெளிறிய பின்புறத்தை மட்டும் வைத்து ஆலைத் துணி என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானில் மெழுகு அச்சு பரவுவதற்கு முன்பே, மரக்கட்டையில் சாயம் தடவி நேரே துணியில் ஒற்றும் வழக்கம் இருந்தது; அதிலும் சாயம் ஒருபுறமே அழுத்தமாக நிற்கும். திரை அச்சும் அக்காலப் பட்டறைகளில் கைவேலைதான். நீண்ட மேசையில் துணியை விரித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையை அதன்மேல் வைத்து, ரப்பர் பட்டையால் சாயத்தை இழுத்து, நிறத்துக்கொரு திரையாக மாற்றி மாற்றி அச்சிடுவார்கள். மலிவு என்ற பேச்சு விலையைக் குறைத்துக் கேட்பதற்கு உதவும். வணிகன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

மெழுகுக்கை:
ஐயா சொல்வது நியாயம். திரை அச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரைப் பொறுத்தவரை, மலாயாவில் பாத்தேக் பெரும்பாலும் கிளந்தானிலும் திரங்கானுவிலும் உருவானது. பினாங்கிலும், பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற சுவா தியன் தெங் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு பாத்தேக் தொழிற்கூடம் நடத்தினார். அது நிலைக்கவில்லை, அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு படம் வரையத் தொடங்கி, 1955இல் பினாங்கில் கண்காட்சியும் வைத்தார். ஜாவாவின் பெக்காலோங்கானிலிருந்து வந்த கைலிகளும் இங்கே நிறைய விற்றன. அவற்றுள் சிலவற்றின் ஓரத்தில் பட்டறையின் பெயரும் ஊரும் இருக்கும்.

ஜார்ஜ்டவுன்வாசி:
இருபுறச் சாயமுள்ள ஒன்றில், மூட்டிய தையலுக்குள் எழுத்துகள் போலச் சில தெரிகின்றன. தையலைப் பிரிக்கலாமா?

துணிக்கடைக்காரர், கோலாலம்பூர்:
வேண்டாம், பழைய நூல் இழை விட்டுவிடும். கைலியை உட்புறம் திருப்பி, மடிப்பை விரலால் நீவி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே இடுங்கள்.