வாப்பாவின் கல்லும் பள்ளி பைப்பில் இருக்கிற வெள்ளைக் கல்லும் ஒன்றா?

அக்கரைப்பற்றான்:
வாப்பாவுக்கு மூன்று மாதமாக யூரின் டியூப் போட்டிருக்கிறோம். அடிக்கடி அடைக்கிறது, போன கிழமை மாற்றும்போது நுனியில் மணல் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. சிறுநீர்ப்பையில் இருந்து எடுத்த கல்லைச் சோதித்து ஸ்ட்ரூவைட் என்று எழுதித் தந்தார்கள். நான் பைப் வேலை செய்கிறவன், பள்ளியில் சிறுநீர் போகிற பைப்பை வெட்டினால் உள்ளே இதே மாதிரிக் கல்தான் இருக்கும். இரண்டும் ஒன்றா? கிணற்றுத் தண்ணியில்தான் பிழை என்று உம்மா போத்தல் தண்ணி வாங்கச் சொல்கிறார்.

மட்டு வாவி:
நானா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கிணற்றை விடுங்கள், இது கிருமி கட்டுகிற கல். புரோட்டியஸ் மாதிரியான கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், அதனால் சிறுநீர் காரத்தன்மைக்கு மாறிவிடும், அப்போது அதில் கரைந்திருக்கிற மக்னீசியமும் பொஸ்பேட்டும் அமோனியத்தோடு சேர்ந்து பளிங்காகிப் படியும். டியூப் அந்தக் கிருமிக்கு ஒட்டியிருக்க வசதியான இடம். கல்லில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அதற்குள் கிருமி இருக்கும், திரும்ப வளரும். சிறுநீரகத்தில் என்றால் மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு நிரப்பிவிடும், அதனால் அங்கேயும் ஸ்கான் பார்த்தார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள். யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனை, கட்டாயம். காய்ச்சல் நடுக்கம் வந்தாலோ டியூப் ஓடாமல் நின்றாலோ விடியட்டும் என்று இருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

சம்மாந்துறை வட்டை:
பைப்பில் இருப்பதும் பெரும்பாலும் அதேதான், கல்சியமும் கலந்திருக்கும். தேங்குகிற சிறுநீரிலும் யூரியா உடைகிறதுதானே. வினாகிரி ஊற்றி இரவு முழுக்க விட்டால் இளகும், ஆனால் அதோடு பிளீச்சிங் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

எனக்கு இந்தக் கல்லைக் கண்டால் வெள்ளாமைதான் ஞாபகம் வரும். 1845இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் இதற்குப் பெயர் வைத்தார்கள், இப்போது வெளிநாட்டில் சில கழிவுநீர் நிலையங்களில் பைப்பை அடைக்கமுதல் இதையே பிரித்தெடுத்து உரமாக விற்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் பொஸ்பரஸ், மெதுவாகக் கரையும். நம் நாட்டில் எப்பாவலயில் தோண்டி எடுக்கிற பொஸ்பேட் நெல்லுக்கு வேண்டிய வேகத்தில் கரையாது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது நாங்கள் பட்ட பாட்டுக்கு, இதை இங்கேயும் யாராவது செய்து பார்க்கவேண்டும்.

அக்கரைப்பற்றான்:
ஜஸாக்கல்லாஹ். நாளைக்கே கல்ச்சருக்குக் கொடுக்கிறோம். டியூபில் மாட்டியிருக்கிற பையில் இருந்து எடுத்துக் கொடுத்தால் சரியா?

மட்டு வாவி:
வேண்டாம், பையில் தேங்கியதில் வேறு கிருமியும் வளர்ந்திருக்கும். புது டியூப் போட்டதும் அதில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், அன்டிபயோட்டிக் தொடங்கமுதல்.