பழைய பியானோ: சுருதி சேர்த்தால் ஒரே வாரத்தில் இறங்கிவிடுகிறது

கறுப்புவெள்ளை:
பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய அப்ரைட் பியானோ வந்திருக்கிறது, பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொட்டதில்லை. என்னிடம் இருப்பது தந்தி சுற்றிய பின்களைத் திருப்பும் ஒரு டியூனிங் லீவர், பக்கத்துத் தந்தி ஒலிக்காமல் அடக்க இரண்டு ரப்பர் மியூட், ஃபோனில் ஒரு டியூனர் ஆப். எல்லாமே அரை ஸ்வரம் இறங்கியிருந்ததால், நடு ஸ்தாயியை மட்டும் ஏ 440 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி மறுபடி கீழே. மூன்று கட்டைகள் வேறு அழுத்தினால் எழுந்து வருவதில்லை. விலை கூடின டியூனர் வாங்கினால் சரியாகுமா?

பழையதந்தி:
டியூனர் மேல் பழி போடாதீர்கள், நடு ஸ்தாயிக்கு ஃபோன் ஆப் போதும். அடிமட்ட பேஸிலும் உச்சியிலும்தான் அது தடுமாறும். இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள் சேர்ந்து பல டன் இழுவிசை கொடுக்கின்றன, நடுவில் மட்டும் ஏற்றினால் சவுண்ட்போர்டு (தந்திகளுக்குப் பின்னால் ஒலியைப் பெருக்கும் மரப் பலகை) கொஞ்சம் அழுந்தி, ஏற்கெனவே சேர்த்தவையும் இறங்கும். முழுப் பியானோவையும் முதலில் மேலோட்டமாக ஏற்றிவிட்டு, அப்புறம்தான் நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த தந்தியை நேராக ஏற்றாதீர்கள், முதலில் ஒரு பொடி இறக்கி, துருப்பிடிப்பை விடுவித்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் பட்டென்று அறும், முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தந்தி சுற்றிய பின், அது இறங்கியிருக்கும் மரப் பிளாக்குக்குள் திரும்பாமல் வெறுமனே முறுக்கிக்கொண்டால் டியூனர் முள் சரியாகக் காட்டும், அப்புறம் பின் தானே பழைய இடத்துக்குப் போய்விடும். தேவைக்கு ஒரு மயிரிழை மேலே ஏற்றி, கட்டையை ஓங்கி அடித்துக்கொண்டே இறக்கி நிறுத்துங்கள். லீவர் முனை பின்னில் ஆடுகிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலான பின்களுக்கு 2ஆம் எண் நட்சத்திர முனை பொருந்தும்.

சுத்தியல்வால்:
எழாத கட்டைக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள் சார், அந்தத் தப்பை நான் செய்து கம்பளித் துணியெல்லாம் ஊறிப்போய் இரண்டு மடங்கு வேலையானது. மேல் பலகையைத் திறந்து பாருங்கள். தந்தியை அடிக்கும் சுத்தியல் திரும்பி வந்து கட்டை மட்டும் கீழேயே நின்றால், ஈரத்தில் கட்டையின் அடித்துளையில் உள்ள துணி உப்பி, அங்கே கட்டைக்கு வழிகாட்டும் பின்னைப் பிடித்திருக்கும். சுத்தியலே மெதுவாகத் திரும்பினால், அதன் கீல் பின்னில் இறுக்கம். அதற்கு முன்னால் கட்டை இடுக்கில் பென்சில், காசு எதுவும் விழுந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான்.

கறுப்புவெள்ளை:
ஒரு கட்டையில் ஹேர்பின் கிடைத்தது! மற்ற இரண்டும் துணிதான் போல. லீவரை மாட்டினால் பத்துப் பன்னிரண்டு பின்கள் வெண்ணெயில் கத்தி போலச் சுழல்கின்றன.

பழையதந்தி:
அப்படியானால் அந்தப் பின்கள் மரத்தில் பிடிப்பை இழந்துவிட்டன, எத்தனை முறை சேர்த்தாலும் நிற்காது. ஒரு சைஸ் பெரிய பின் போடுவது முறையான வழி. தண்ணீர் போல ஓடும் சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ)ப் பின்னைச் சுற்றிச் சொட்டுவிடுவது மலிவான வழி, அதில் சில டெக்னீஷியன்கள் முகம் சுளிப்பார்கள். அப்ரைட் என்றால் பசை உள்ளே இறங்க அதை மல்லாக்கச் சாய்க்க வேண்டும், எடை பயங்கரம், தனியாக முயலாதீர்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும். பிளாக்கில் விரிசல் இருந்தால் மட்டும் பசையில் நேரத்தை வீணாக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.