அழுகும் எச்செவேரியாவைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி (கல்லடி): நுவரெலியாவிலிருந்து தங்கை வாங்கிவந்த எச்செவேரியா (தடித்த, சதைப்பற்றுள்ள இலைகள் கொண்ட செடி), கார்த்திகை மழையில் ஒரு வாரம் முற்றத்தில் நனைந்துவிட்டது. அடியிலைகள் கண்ணாடிபோல் வெளிறி, தொட்டதும் கழன்று விழுகின்றன. தண்டின் அடி கறுத்திருக்கிறது. அம்மா கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய செடி; எறிய மனம் வரவில்லை.

பதில் (அக்கரைப்பற்று): தங்கச்சி, எறியாதீர்கள். செடியைப் பிடுங்கி, கறுத்த தண்டைக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் தெரியாத இடம்வரை வெட்டவேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிறகு மேல்பகுதி நிழலில் 5 முதல் 7 நாள் காயட்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். காயம் ஆறாமல் நட்டால் மறுபடியும் அழுகும்.

பதில் (களுவாஞ்சிகுடி): கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும். ஆற்றுமணலோடு உடைத்த செங்கல்லும் சிரட்டைக்கரியும் கலந்து மண்சட்டியில் நடுங்கள். அடியில் துளை இருக்கட்டும். மாரி முடியும்வரை தாழ்வாரத்தில், வெளிச்சம் படும்படி வையுங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி அண்ணா. வெட்டிவிட்டேன், மூன்று விரல் உயரம் மிஞ்சியது. உதிர்ந்தவற்றில் நல்ல இலைகள் நான்கையும் மணல்மேல் வைத்திருக்கிறேன். ஒன்றாவது வேர்விட்டால் தங்கைக்குத்தான் முதலில் சொல்வேன்.