புதுப்பிப்பு: மாடியறை பவர்லைன் அடாப்டர் – குற்றவாளி சிக்கியாச்சு

போன வாரம் புலம்பியிருந்தேன்: கீழே ரூட்டர், மாடியறையில் பவர்லைன் அடாப்டர் (வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் கருவி). அட்டைப்பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கு, கைக்கு வருவதோ வெறும் 20. ஏன் என்று கேட்டிருந்தேன்.

முதல் தப்பு என்னுடையதுதான். அடாப்டரை சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்திருந்தேன். மின்சாரம் ஓடுவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில். அடாப்டர் அதே கம்பியில் ஏற்றும் சிக்னலோ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அந்த மாதிரி பாக்ஸ் பலதும் இந்த உயர் அலைவரிசையை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். நேரே சுவர் சாக்கெட்டில் மாட்டியதும் சிவப்பு விளக்கு பச்சையானது, வேகம் 70.

அடுத்தது, பக்கத்து சாக்கெட்டில் இருந்து கம்பியில் இரைச்சல் கிளப்பிய செல்போன் சார்ஜர். நம்பவே இல்லை. பிடுங்கினால் 110, திரும்பச் செருகினால் 75. நாலு தடவை செய்து பார்த்தேன், அதே கதை.

இரண்டு அறைக்கும் ஃபேஸ் (மின்சாரம் வரும் தனித்தனி லைன்) வேறாக இருந்து, அதனால் சிக்னல் குறையுமோ என்று கேட்டவருக்கு: எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டார், இரண்டு அறையும் ஒரே ஃபேஸ்தான்.

அந்த 600? கம்பியில் போகும் மொத்த பிட் கணக்கு. பிழைதிருத்தத்துக்கு ஒரு பங்கு போய்விடும். போக, வர ஒரே பாதை வேறு. பாதி கிடைத்தாலே பெரிது.

இந்த அடாப்டர் தன் ரேடியோவில் குறுக்கிடுமோ என்று ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) நண்பர் கவலைப்பட்டதும் நியாயம்தான். உலோகக் கவசம் இல்லாத மின்கம்பி ஆன்டெனா மாதிரி சிக்னலைச் சிற்றலையில் கசியவிடும். அதனால்தான் ஹோம்பிளக் ஏவி என்ற தரமுறைப்படி செய்த பவர்லைன் அடாப்டர்கள் ஹாம் ரேடியோவுக்கான அமெச்சூர் அலைவரிசைகளில் சிக்னலை அடக்கி வைக்கின்றன.

சார்ஜரை வேறு அறைக்குக் கடத்தியாச்சு.