கோவத்தோட வாகனம் எடுத்தா கண்ணே தெரியாதா?

நிலாவெளிக்காரன்:
உறவுகளே ஒரு விசயம் கேக்கணும். 11 வருசமா ஸ்கூல் வான் ஓடுறன், வான்ல ஒரு கீறல் கூட விழேல்ல. போன கிழமை காணி விசயமா அண்ணனோட போன்ல வாய்த்தர்க்கம், அதே சூட்டோட வானை எடுத்திட்டன். சாம்பல்தீவு தாண்ட முன்னால ஒரு பஸ், அவன் பாவம் தன்ட பாட்டில போறான், எனக்கெண்டா வேணுமெண்டே வழி விடேல்ல எண்டு கொதி, ஹோர்னை அமத்திக்கொண்டு வெட்டி எடுத்தா நடுரோட்டில மாடு படுத்திருக்கு. பிரேக் பிடிச்சு நிண்டன், மாட்டுக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இல்ல. பின்னுக்குப் பிள்ளையள். அவ்வளவு பெரிய மாடு எனக்கு ஏன் தெரியேல்ல?

உவர்மலை75:
உங்கட கண் பஸ்ஸிலயே ஒட்டிக்கிடந்திருக்கு தம்பி. கோவத்தில உடம்பில அட்ரினலின் எண்ட ஹோர்மோன் ஏறும், ஆர் மேல கோவமோ அதிலயே கவனம் நிண்டிடும், சுத்திவர இருக்கிறது படாது. இன்னொண்டு, பயந்தவனுக்கு ஆபத்து பெருசாத் தெரியும், கோவக்காரனுக்குச் சின்னதாத் தெரியும், அதான் வெட்டலாம் எண்டு பட்டது. அமெரிக்காவில வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆக்கள் 3,500க்கு மேற்பட்ட சாரதிமாரின்ட வாகனத்தில கமரா பூட்டிப் பாத்து 2016இல வெளியிட்டவை, கோவமோ அழுகையோ வெளியில தெரியிற அளவுக்கு இருக்கேக்க ஓடினா விபத்து ஆபத்து கிட்டத்தட்ட 10 மடங்காம். கையில போன் வச்சு ஓடுறதுக்கே 3.6 மடங்குதான்.

ஸ்கூட்டி_அக்கா:
கவலையும் அப்பிடித்தான் அண்ணா. அம்மா வருத்தமா வார்ட்ல இருந்த நேரம் ஸ்கூட்டியில 30இலதான் வந்தன், ஆனா வந்த வழி ஒண்டுமே ஞாபகம் இல்ல. திருகோணமலைக் கோட்டை வாசலடியில மான் ஒண்டு முன் சில்லுக்கு நேர நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்குது, அதுக்குப் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. மெதுவா ஓடினாச் சரி எண்டு இருக்காதீங்க.

லொறிக்காரர்:
தம்பி, 60இல போனா ஒரு செக்கனுக்கு 16 மீட்டருக்கு மேல போயிடுவம். கந்தளாய் ஹபரணை ரோட்டில பொழுதுபட்டா யானை ஏறும், அங்க ஒரு செக்கன் புத்தி வேற எங்கயும் நிண்டா முடிஞ்சுது. முதலாளி போன்ல ஏசினா நான் உடன லொறியை எடுக்கிறேல்ல. இறங்கி முகம் கழுவி எல்லா டயரையும் தட்டிப் பாத்து ஒரு சுத்து வருவன், அதுக்குள்ள கை நடுக்கம் நிண்டிடும். நிக்கேல்லயெண்டா இன்னொரு சுத்து. லேட் எண்டு ஏசட்டும்.

நிலாவெளிக்காரன்:
நன்றி ஐயா, அக்கா, எல்லாருக்கும். கை நடுங்கினது உண்மை, கியரை மாத்தேக்க கவனிச்சனான், ஆனா கணக்கெடுக்கேல்ல. இனி விடிய பிள்ளையளை இறக்கி விடுமட்டும் போன் ஓஃப். அண்ணனோட பின்னேரம் நேர போய்க் கதைக்கிறன்.