புதுப்பிப்பு: கசூரினாவில் மதிய வெயில், கறுக்கும் கண்குழி

யாழ்ப்பாணம் காரைநகர் கசூரினா கடற்கரையில் மதியம் ஆளைப் படமெடுத்தால் கண்குழி கறுக்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பிளாஷ் இல்லாமலே சரிவருகிறது. ஆளைச் சூரியனுக்கு முதுகுகாட்டி நிறுத்துங்கள். 2 அடிக்கு 3 அடி வெள்ளை றெஜிபோம் (பொதி செய்யப் பயன்படும் பாரமில்லாத நுரை அட்டை) தட்டை முகத்திலிருந்து ஒரு மீற்றருக்குள், நெஞ்சு உயரத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணில் வெளிச்சப் புள்ளி விழும். முழங்காலுக்கு இறக்கினால் நாடிக்கு அடியிலிருந்து ஒளி ஏறி முகமே கெட்டுவிடும். அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். மினுங்கும் வெள்ளித் தாள் ஒட்டாதீர்கள், கண் கூசிச் சுருங்கும்.

பிளாஷ்தான் வேண்டுமென்றால் கமெராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/200 செக்கன், எஃப் (லென்ஸ் துளை அளவு) 11 என்று வையுங்கள். பிளாஷ் ஆளுக்குக் கிட்ட இருக்கவேண்டும். பின்னணி தெளிவில்லாமல் மங்கலாகத் தெரியவேண்டுமென்றால், மூன்று ஸ்டொப் என்டி பில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியை எட்டிலொன்றாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு, துளையை எஃப் 4க்குப் பெரிதாக்குங்கள்.

சவுக்கு மர நிழலுக்குள் நிறுத்தவே வேண்டாம், முகமெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக விழும்.